விவியன் தாமஸ்: நீலக் குழந்தைகளைக் காத்த தச்சர் மகன்

நான்கு கிலோ எடையுள்ள ஒரு குழந்தையின் உடலில் எவ்வளவு இரத்தம் இருக்கும்? ஒரு கிலோவுக்குச் சுமார் 80 மில்லிலீட்டர் என்பது பொதுவான கணக்கு. ஆக மொத்தம் 320 மில்லி. பல்கலைக்கழக கேண்டீனில் நாம் வாங்கிக் குடிக்கும் ஒரு டின் பானத்தின் அளவு அவ்வளவுதான். பெரியவர் ஒருவர் இரத்த தானம் செய்யும்போது 450 மில்லி கொடுத்துவிட்டு, பிஸ்கட்டும் மைலோவும் சாப்பிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்தக் குழந்தையிடமோ அவ்வளவு இரத்தமே இல்லை. அறுவை மேசையில் ஆறு தேக்கரண்டி இரத்தம் சிந்தினால் அதன் உடலிலுள்ள இரத்தத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள்.

இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். நமது பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் படித்து, தமிழ் மொழிக் கழகத்தில் மூன்றாண்டுகள் இருந்து, இப்போது ஒரு மருத்துவமனையின் இரத்த வங்கியில் பணிபுரிகிறேன். குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கு இரத்தம் கேட்டு விண்ணப்பம் வரும்போதெல்லாம் நோயாளியின் எடை எழுதப்பட்டிருக்கும் கட்டத்தைத்தான் என் கண் முதலில் தேடும். 3.2 கிலோ, 4.1 கிலோ, 5 கிலோ. அந்த எண்களைப் பார்க்கும்போது எனக்கு ஒருவருடைய நினைவு வரும். அவர் டாக்டர் அல்லர். கல்லூரி வாசலை மாணவராக மிதிக்க வாய்ப்பில்லாமல் போனவர். ஆனால் குழந்தைகளின் இதயத்தருகே இரத்தக் குழாய்களை வெட்டி, இரத்தம் வீணாகாமல் மீண்டும் இணைத்துத் தைக்கலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர். அவர்தான் விவியன் தாமஸ். இவ்வாண்டு மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தருமாறு கழகத் தம்பி தங்கைகள் கேட்டபோது, வேறு யாரையும் நான் யோசிக்கவில்லை.

தச்சுப் பட்டறையில் தொடங்கிய பாடம்

விவியன் தாமஸ் 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்தார். அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டுகூட ஆகாத காலம் அது. அவருடைய குடும்பம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் குடியேறியது. தந்தையார் தச்சர். சிறுவன் விவியனும் பள்ளி முடிந்ததும் தந்தையுடன் சென்று இழைப்புளி பிடித்தான், மரம் அளந்தான், மூட்டுச் சேர்த்தான். இரண்டு மரத்துண்டுகள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டுமானால் அளவில் ஒரு மயிரிழைகூடப் பிசகக்கூடாது. அந்தப் பயிற்சி பின்னாளில் எங்கே பயன்படப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

கறுப்பின மாணவர்களுக்கான பேர்ல் உயர்நிலைப் பள்ளியில் படித்து 1929இல் தேறினார். டாக்டராக வேண்டும் என்பது அவருடைய கனவு. கல்லூரிக் கட்டணத்துக்காகத் தச்சு வேலை செய்து சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வைத்திருந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது. வேலைகள் மறைந்தன. கல்லூரியைச் சிறிது காலம் ஒத்திவைக்கலாம் என்று எண்ணி, 1930 பிப்ரவரியில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் பிளேலாக் என்ற இளம் அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். சில மாதங்களில் நாஷ்வில் வங்கிகளும் மூடப்பட்டன. சேர்த்து வைத்த பணம் முழுவதும் போயிற்று. ஒத்திவைத்த கல்லூரி ஒத்திவைத்ததாகவே நின்றுவிட்டது.

நம்மில் எத்தனை பேர் எஸ்.டி.பி.எம். முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்ட துறை ஒன்று, கிடைத்த துறை ஒன்று என்று விழித்திருக்கிறோம்! மருத்துவம் கேட்டு உயிர்மருத்துவ அறிவியல் கிடைத்தவன் நான். ஆகவே தாமஸின் கதையில் இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சற்று நெருக்கமாகவே இருந்தது. ஆனால் ஒப்பிடுவது சரியல்ல. எனக்குக் கிடைத்தது வேறொரு பட்டம். அவருக்குக் கிடைத்தது பட்டமே இல்லாத ஒரு வேலை.

இரத்த இழப்பே முதல் பகைவன்

பிளேலாக் அப்போது ஆராய்ந்து கொண்டிருந்த பொருள் 'ஷாக்' எனப்படும் அதிர்ச்சி நிலை. விபத்திலோ போரிலோ பலத்த காயமடைந்தவரின் இரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கி, உடல் குளிர்ந்து, உயிர் பிரியும். இது ஏன் நேர்கிறது? நசுங்கிய தசைகளிலிருந்து ஏதோ ஒரு நச்சுப் பொருள் கிளம்பி உடலெங்கும் பரவுகிறது என்பது அந்நாளில் பலரும் ஏற்றுக்கொண்டிருந்த கருத்து. பிளேலாக்கும் தாமஸும் நாய்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தனர். காயமடைந்த காலையும் காயமடையாத காலையும் தனித்தனியே எடை போட்டு ஒப்பிட்டபோது விடை கிடைத்தது. வெளியே ஒரு சொட்டும் சிந்தாவிட்டாலும், காயமடைந்த தசைக்குள்ளேயே ஏராளமான இரத்தமும் நீர்மமும் கசிந்து தேங்கியிருந்தன. குழாய்களுக்குள் ஓட வேண்டியது குழாய்களுக்கு வெளியே போய்விட்டது. நச்சு எதுவும் தேவையில்லை. அந்த இழப்பு ஒன்றே ஆளைக் கொல்லப் போதுமானது.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். இழந்ததைத் திரும்பக் கொடு என்பதே அந்த மருந்து. இரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றிக் காயமடைந்தவரைக் காப்பாற்றும் முறைக்கு இந்த ஆய்வுகள் வலுவான அடிப்படை அமைத்தன. இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்கள் இதனால் பிழைத்தனர்.

இந்த ஆய்வுகளில் தாமஸின் பங்கு என்ன? தொடக்கத்தில் கருவிகளைக் கழுவுவதும் விலங்குகளைக் கவனிப்பதும்தான். ஆனால் சில மாதங்களிலேயே மயக்க மருந்து கொடுப்பது, அழுத்தம் அளப்பது, வேதியியல் சோதனைகள் செய்வது, இரத்தக் குழாய்களைத் தைப்பது என எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். சோதனைகளைத் தனியாகவே நடத்தி, குறிப்பெடுத்துப் பிளேலாக்கிடம் கொடுத்தார். ஒரு முதுநிலை ஆய்வாளர் செய்ய வேண்டிய பணியைச் செய்துகொண்டிருந்த இவருடைய பதவி, பல்கலைக்கழக ஏட்டில் துப்புரவுப் பணியாளர் என்றே பதிவாகியிருந்தது. அதை அறிந்ததும் அவர் பேசாமல் இருந்துவிடவில்லை, கேட்டார், ஊதிய உயர்வும் பெற்றார்.

1938இல் அவர்கள் இன்னொரு சோதனை செய்தனர். நுரையீரலில் இரத்த அழுத்தத்தை உயர்த்திப் பார்ப்பதற்காக, கைக்குச் செல்லும் சப்கிளேவியன் தமனியை வெட்டி, அதன் முனையை நுரையீரல் தமனியுடன் இணைத்துத் தைத்தனர். எதிர்பார்த்தபடி அழுத்தம் உயரவில்லை. சோதனை தோல்வி என்று மூட்டை கட்டி வைக்கப்பட்டது. ஆனால் தைத்த தையல் தாங்கியது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தத் தையல்தான் உலகப் புகழ்பெறப் போகிறது.

வெள்ளை அங்கியும் பார்வைகளும்

இதற்கிடையே டெட்ராயிட் நகரிலிருந்து பிளேலாக்குக்குப் பெரிய பதவி ஒன்று தேடி வந்தது. கறுப்பினத்தவரை அங்கே பணியில் அமர்த்த மாட்டார்கள் என்று தெரிந்ததும், தாமஸ் இல்லாமல் தானும் வரமுடியாது என்று பிளேலாக் அதை மறுத்துவிட்டார். 1941இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அறுவை மருத்துவத் துறைத் தலைவர் பொறுப்புக்கு அழைத்தபோது, தாமஸையும் உடன் அழைத்துச் சென்றார். தாமஸ் தம் மனைவி கிளாரா, இரு பெண் குழந்தைகளுடன் குடிபெயர்ந்தார்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அப்போது கறுப்பினத்தவர் துப்புரவு வேலைக்கு மட்டுமே இருந்தனர். வெள்ளை ஆய்வுக்கூட அங்கியுடன் ஒரு கறுப்பர் நடைவழியில் வருவதைக் கண்டு மற்றவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்களாம். ஊதியம் போதவில்லை. விருந்துகளில் பானம் பரிமாறும் பகுதிநேர வேலைக்குப் போனார். சில சமயம் அது பிளேலாக்கின் வீட்டு விருந்தாகவே இருந்தது. பகலில் தம்மிடம் அறுவை நுட்பம் கற்றுக்கொண்ட இளம் டாக்டர்களுக்கே மாலையில் தட்டேந்திப் பரிமாறினார்.

இந்த இடத்தில் பிளேலாக்கை நல்லவர் என்பதா, கெட்டவர் என்பதா என்று எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. தாமஸுக்காகப் பெரும் பதவியை உதறியவரும் அவர்தான். அதே தாமஸ் தம் வீட்டு விருந்தில் பரிமாறுவதை இயல்பாக எடுத்துக்கொண்டவரும் அவர்தான். ஒரு மனிதர் தம் காலத்தைப் பாதி தாண்டி, மீதியில் நின்றுவிடலாம் என்பதுதான் நான் கண்ட விடை.

நீலக் குழந்தைகள்

1943இல் ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவர் பிளேலாக்கையும் தாமஸையும் அணுகினார். டாசிக்கும் தடைகளைத் தாண்டி வந்தவர்தான். செவித்திறன் குறைந்ததால், குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்து இதயத் துடிப்பை உணர்ந்து அறிந்தவர். அவருடைய பராமரிப்பில் உதடும் விரல் நுனியும் நீலம் பாய்ந்த குழந்தைகள் பலர் இருந்தனர். ஃபாலோ நால்நிலைக் குறைபாடு என்பது அவர்களில் பலருக்கு இருந்த பிறவிக் குறை. நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கும். இதயத்தின் இரு கீழறைகளுக்கு இடையே ஓட்டை இருக்கும். பிராணவாயு பெறாத இரத்தமும் கலந்து உடலெங்கும் ஓடும். நான்கடி நடந்தால் மூச்சு வாங்கிக் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். பலர் வளர்ந்து ஆளாவதே இல்லை.

நுரையீரலுக்கு இன்னும் கொஞ்சம் இரத்தம் போக வழி செய்தால் இவர்கள் பிழைப்பார்கள் என்பது டாசிக்கின் கணிப்பு. குழாய் வேலைக்காரர் வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திருப்பி இணைப்பதுபோல் செய்ய முடியாதா என்ற தொனியில் அவர் கேட்டார். 1938இல் கைவிட்ட தையல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் குழந்தையில் செய்வதற்கு முன் பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும். அந்தப் பொறுப்பு தாமஸின் தோளில் விழுந்தது. முதலில் நாயின் உடலில் நீலக் குழந்தையின் நிலையைச் செயற்கையாக உண்டாக்க வேண்டும். பிறகு அதைச் சரிசெய்ய வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள், சுமார் 200 நாய்கள். நீண்ட நாள் உயிர் வாழ்ந்த அன்னா என்ற நாயின் ஓவியம் பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சுவரில் இடம்பெற்றது. அந்த உயிர்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஒரு சொட்டும் சிந்தாமல்

இங்கே நாம் முதலில் போட்ட கணக்கை நினைவில் வையுங்கள். தமனியை வெட்டித் தைப்பதில் எதிரி நேரமும் இரத்தமும்தான். நீலக் குழந்தைகளிடம் இது இரட்டிப்புச் சிக்கல். பிராணவாயு போதாததால் உடல் சிவப்பணுக்களை மிகையாக உற்பத்தி செய்யும். இரத்தம் பாகுபோல் கெட்டியாகும். கெட்டியான இரத்தம் எளிதில் உறையும் என்றுதான் நமக்குத் தோன்றும். உண்மையில் இக்குழந்தைகள் பலரிடம் இரத்தத் தட்டுகளும் உறைபொருள்களும் சரியாக வேலை செய்யாததால் வெட்டிய இடத்தில் கசிவு நிற்காது. போதாக்குறைக்கு, நுரையீரலுக்கு எப்படியாவது இரத்தம் அனுப்ப வேண்டும் என்று உடலே மார்புச் சுவரில் எண்ணற்ற மாற்றுக் குழாய்களை வளர்த்து வைத்திருக்கும். மார்பைத் திறக்கும்போதே அவை ஒவ்வொன்றும் கசியும்.

குழந்தைகளின் குழாய்களுக்கு ஏற்ற கருவிகள் அப்போது கடையில் கிடைக்கவில்லை. ஆகவே தச்சர் மகன் தாமே கருவி செய்தார். நீளமான ஊசிகளை வெட்டிச் சிறிதாக்கி, முனையைத் தேய்த்துக் கூர்மையாக்கினார். ஆய்வுக்கூடத்தில் பயன்பட்ட இடுக்கிகளைக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றினார். இடுக்கியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் குழாயின் உட்சுவர் நசுங்கி, பிறகு அங்கே இரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். தளர்த்திப் பிடித்தால் இரத்தம் பீறிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பிடி வேண்டும். தையலும் அப்படித்தான். மெல்லிய பட்டு நூலால் போடும் தையல்கள் தள்ளி விழுந்தால் இடையில் கசியும். நெருங்கி விழுந்தால் சுவர் கிழியும். மரமூட்டுச் சேர்த்த கைக்கு இந்த அளவு பிடிபட்டதில் எனக்கு வியப்பில்லை.

நம்மவர்கள் நல்ல டாக்டரைக் கைராசிக்காரர் என்பார்கள். தாமஸின் கைராசி வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரே தையலை நூற்றுக்கணக்கான முறை போட்டு வந்தது.

1944 நவம்பர் 29

அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அறுவை அறையில் மேசைமேல் கிடத்தப்பட்டிருந்தது சுமார் நான்கு கிலோ எடையுள்ள ஒரு பெண் குழந்தை. வயது ஓராண்டைத் தாண்டியும் எடை அவ்வளவுதான். அறுவை செய்பவர் பிளேலாக். அவர் இந்த அறுவையை நாயிடம் ஒரே ஒரு முறைதான் செய்து பார்த்திருந்தார், அதுவும் தாமஸுக்கு உதவியாளராக நின்று. தாமஸோ அதை மீண்டும் மீண்டும் செய்து கரைகண்டவர். ஆனால் மனித உடலில் கத்தி வைக்கும் உரிமை பட்டம் பெற்றவருக்கு மட்டும்தான்.

பிளேலாக் ஒரு வேலை செய்தார். தாமஸை வரவழைத்துத் தம் தோளுக்குப் பின்னால் ஒரு படிக்கட்டைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னார். குழாயை எவ்வளவு நீளம் விடுவிக்க வேண்டும், அடுத்த தையல் எந்தப் பக்கத்திலிருந்து போக வேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்திலும் தாமஸிடம் கேட்டுக் கேட்டே செய்தார். நாயின் குழாய்களைவிட அந்தக் குழந்தையின் குழாய்கள் மிகச் சிறியவை. இடுக்கிகளை எடுத்தபோது புதிய வழியில் இரத்தம் நுரையீரலுக்குள் பாய்ந்தது. தையல் தாங்கியது.

அந்தக் குழந்தைக்குச் சில மாத வாழ்வுதான் கூடுதலாகக் கிடைத்தது. அடுத்து 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்தார்கள். அவள் நலமடைந்து மூன்று வாரத்தில் வீடு திரும்பினாள். மூன்றாவதாக ஆறு வயதுச் சிறுவன். அறுவை முடியும்போதே அவனுடைய உதடுகள் நீலம் மாறிச் சிவந்தன. அதற்குப் பிறகு உலகின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் தங்கள் நீலக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பால்டிமோருக்கு வந்தார்கள். ஓராண்டுக்குள் 200க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை செய்யப்பட்டது.

1945 மே மாதம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் முதல் மூன்று நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர்கள் பிளேலாக், டாசிக். கட்டுரையில் எங்கும் விவியன் தாமஸ் என்ற பெயர் இல்லை.

1946இல், பெருங்குழாய்கள் இடம்மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்காக, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் பாதுகாப்பாக வழி உண்டாக்கும் முறையைத் தாமஸ் தாமே கண்டறிந்தார். அதைச் செய்து முடித்த தடயமே தெரியாத அளவுக்கு நேர்த்தியாக இருந்ததைக் கண்டு பிளேலாக்கே மலைத்துப்போனார். அந்த அறுவை 1950இல் வெளியானபோதும் வேறு இருவர் பெயரையே பெற்றது.

பட்டம் இல்லாத பேராசான்

தாமஸ் தம் மதிப்பை அறியாதவர் அல்லர். நாஷ்வில்லில் ஆசிரியராக இருந்த அவருடைய அண்ணன் ஹெரல்ட், கறுப்பின ஆசிரியருக்கும் வெள்ளையின ஆசிரியருக்கும் சம ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்து வென்றவர். அந்தக் குடும்பத்தில் வந்தவர் இவர். 1946 முடிவில் ஊதியப் பேச்சு நடந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸின் ஆய்வுக்கூட உதவியாளர்களில் மிக அதிக ஊதியம் பெறுபவரானார். 1947இல் மீண்டும் கல்லூரிக் கனவு தலைதூக்கியது. இத்தனை ஆண்டு ஆய்வு அனுபவத்துக்குச் சலுகை எதுவும் இல்லை, முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்று தெரிந்தது. கணக்குப் பார்த்தார். டாக்டராகி வெளியே வரும்போது வயது ஐம்பது ஆகிவிடும். கனவை மடித்து வைத்தார்.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் அவரிடம் பயிலாத அறுவை மாணவர் குறைவு. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டென்டன் கூலி உள்ளிட்ட பலர் கைப்பழக்கத்தைத் தாமஸிடமிருந்து கற்றவர்கள். ஏட்டில் படித்தது வேறு, துடிக்கும் குழாயில் ஊசி போடுவது வேறு என்பதை அவர் காட்டித்தான் புரிந்துகொண்டார்கள்.

பிளேலாக் 1964இல் காலமானார். அவர் பயிற்றுவித்த அறுவை மருத்துவர்கள் பல நகரங்களில் துறைத் தலைவர்களாகியிருந்தனர். அவர்கள் ஒன்றுகூடி ஓவியர் ஒருவரைக் கொண்டு தாமஸின் உருவப்படத்தை வரையச் செய்தார்கள். 1971இல் அது வழங்கப்பட்டு, பின்னர் பிளேலாக்கின் படத்துக்கு அருகே மாட்டப்பட்டது. 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. விதிமுறை காரணமாக மருத்துவத்தில் அல்ல, சட்டத்தில்! ஆனாலும் அதன்பின் மாணவர்கள் அவரை டாக்டர் தாமஸ் என்று அழைக்க முடிந்தது. மருத்துவக் கல்லூரியின் அறுவைத் துறையில் போதனையாளராகவும் நியமிக்கப்பட்டார். வேலையில் சேர்ந்து 46 ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைத்த ஆசிரியர் பதவி அது.

1979இல் ஓய்வுபெற்றுத் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். 1985 நவம்பர் 26ஆம் நாள் கணையப் புற்றுநோயால் காலமானார். அடுத்த சில நாள்களில் அந்த நூல் வெளிவந்தது. 2004இல் அவருடைய வாழ்க்கை தொலைக்காட்சித் திரைப்படமாகவும் வந்தது. நான் அவரை முதலில் அறிந்தது அந்தப் படத்தின் வழியாகத்தான்.

அவருக்குப் பின்

தாமஸின் தையல் இதயத்தின் உள்ளே நுழையவில்லை. வெளியே உள்ள குழாய்களை மட்டுமே இணைத்தது. ஆகவே இடுக்கி பிடித்தால் இரத்தத்தை நிறுத்த முடிந்தது. 1953இல் ஜான் கிப்பன் இதய-நுரையீரல் இயந்திரத்தைக் கொண்டு முதல் வெற்றியைக் கண்ட பிறகு இதயத்தைத் திறந்தே சரிசெய்யும் காலம் வந்தது. நன்மையோடு புதிய தொல்லையும் வந்தது. இயந்திரத்துக்குள் இரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் கொடுக்க வேண்டும். அப்படியானால் வெட்டிய இடமெல்லாம் கசியும். இயந்திரத்தின் குழாய்களை நிரப்பவும் நீர்மம் வேண்டும். அந்த அளவு குழந்தையின் மொத்த இரத்தத்தைவிட அதிகமாக இருந்ததுண்டு. உறைபொருள்கள் நீர்த்துப்போய், அறுவை முடிந்தும் கசிவு நிற்காது.

இன்று இதற்குப் பல வழிகள் உள்ளன. இயந்திரத்தின் குழாய்களைச் சுருக்கிச் சிறியதாக்கியிருக்கிறார்கள். அறுவை முடிவில் மிகையான நீரை வடிகட்டி எடுத்து இரத்தத்தை மீண்டும் கெட்டியாக்குகிறார்கள். சிந்திய இரத்தத்தை உறிஞ்சிக் கழுவி, சிவப்பணுக்களைக் குழந்தைக்கே திருப்பித் தருகிறார்கள். உறைந்த கட்டி கரைந்துவிடாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. ஒகாமோட்டோ என்ற ஜப்பானியத் தம்பதியர் 1960களில் அளித்த கொடை அது. இரத்தம் எப்படி உறைகிறது என்பதை அறுவை அறையிலேயே வரைபடமாகக் காட்டும் கருவி இருப்பதால், எது குறைகிறதோ அதை மட்டும் கொடுக்க முடிகிறது. சோதனைக்கு எடுக்கும் இரத்தத்தைக்கூடச் சிறிய குழாய்களில் மிகக் குறைவாக எடுக்கிறோம். நாள்தோறும் இரண்டு மில்லி, மூன்று மில்லி என்று எடுத்தாலே ஒரு வாரத்தில் பச்சைக் குழந்தைக்கு அது பெரும் இழப்பு.

இவற்றில் எதுவும் ஒரு டாக்டரின் தனிச் செயலன்று. இயந்திரத்தை ஓட்டுபவர் பெர்ஃபியூஷனிஸ்ட். இடுக்கியை உரிய கணத்தில் கையில் வைப்பவர் தாதி. உறைபொருளை உருக்கித் தயாராக வைப்பவர் எங்களைப் போன்ற ஆய்வுக்கூடத்தார். எங்களுக்கெல்லாம் முன்னால் நின்றவர் விவியன் தாமஸ்.

தம்பி தங்கைகளுக்கு

கழகத்தின் சார்பில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வழிகாட்டிப் பட்டறை நடத்தும்போது நாம் யாரை மேடையேற்றுகிறோம்? பெரும்பாலும் டாக்டர், வழக்கறிஞர், பொறியியலாளர். அவர்கள் வரட்டும், வரவேற்போம். கூடவே ஒரு பெர்ஃபியூஷனிஸ்ட் அக்காவையும், ஓர் ஆய்வுக்கூட அண்ணனையும் அழைத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத மாணவனிடம் எல்லாம் முடிந்துவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில், உயிர் காக்கும் வேலைக்குப் பல வாசல்கள் உண்டு என்று அவனிடம் யாராவது சொல்ல வேண்டும்.

அதற்காக, கிடைத்ததில் திருப்தியடைந்து வாய்மூடி இருங்கள் என்று தாமஸின் வாழ்க்கை சொல்வதாக நான் எண்ணவில்லை. அவர் ஊதியம் கேட்டார், பதவியைத் திருத்தக் கேட்டார், கடைசியில் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். வாய்ப்பு மறுக்கப்பட்டதை அவருடைய பொறுமை நியாயப்படுத்திவிடாது. அவர் டாக்டராகியிருந்தால் இன்னும் என்னென்ன செய்திருப்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நீண்ட காலம் பிளேலாக்-டாசிக் இணைப்பு என்றே பாடநூல்கள் அந்த அறுவையைக் குறித்தன. இப்போது மருத்துவ உலகில் பலர் பிளேலாக்-தாமஸ்-டாசிக் இணைப்பு என்று எழுதுகிறார்கள். தமனியை வெட்டி இணைப்பதற்குப் பதிலாகச் செயற்கைக் குழாய் வைக்கும் வடிவில், மிகச் சிறிய குழந்தைகளுக்கு அது இன்றும் செய்யப்படுகிறது. நம் கழகத்தில் மருத்துவம், தாதிமை, உயிர்மருத்துவம் பயிலும் தம்பி தங்கைகள் பலர் இருக்கிறீர்கள். என்றாவது தேர்வுத் தாளில் அந்த அறுவையின் பெயரை எழுத நேர்ந்தால், மூன்று பெயர்களையும் எழுதுங்கள்.